மூன்றாவது கியரில் உதறுகிறது, நியூட்ரலில் சமர்த்தாக இருக்கிறது. கிளட்ச் மாற்றியும் தீரவில்லை

கணக்கு டீச்சர், ஆத்தூர்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொல்லித்தான் 11,200 ரூபாய் போயிற்று.

வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், ஐந்து கியர், மேனுவல். 83,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் மட்டும்தான் ஓட்டுகிறேன். வீட்டுக்காரர் பைக்கோடு சரி. தினமும் ஆத்தூரிலிருந்து வாழப்பாடிப் பக்கம் பள்ளிக்கூடம், மாலையில் திரும்பி வீடு. ஒரு வழி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இரண்டரை மாதமாக ஒரு தொல்லை. மூன்றாவது கியரில் 40-இல் போய்க்கொண்டிருக்கும்போது, முன்னால் ஊர்ந்துபோகும் டவுன் பஸ்ஸைத் தாண்டலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி ‘டுக்... டுக்டுக்’ என்று உதறுகிறது. பின்னால் நின்று யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுகிற மாதிரி. இரண்டு மூன்று விநாடி. அப்புறம் வேகம் ஏறினதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மெதுவாக மிதித்தால் வராது. ஏசி போட்டிருந்தால் அதிகம். நாலாவது கியரில் 45-இல் மிதித்தால் இன்னும் மோசம். செக் எஞ்சின் லைட் எரியவில்லை. மைலேஜ் 17 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 15-ஐத் தாண்டுவதில்லை.

இதில் எனக்கு அவமானமான பகுதி என்னவென்றால், பட்டறையில் நிறுத்தி நியூட்ரலில் ரேஸ் கொடுத்தால் வண்டி தேன் மாதிரி ஓடுகிறது. ‘ஒண்ணும் இல்லையே டீச்சர்’ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், பல்வலிக்கு டாக்டரிடம் போன நேரத்தில் வலி நின்றுவிட்டது போல இருக்கும்.

முதல் பட்டறையில் ‘கிளட்ச் போயிடுச்சு’ என்றார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 11,200. பெடல் இப்போது பூப்போல இறங்குகிறது. உதறல் அப்படியே இருக்கிறது. இரண்டாவது பட்டறையில் ஃபியூவல் பம்ப் என்கிறார்கள், 7,800 ஆகுமாம். ‘மாத்திப் பார்ப்போம், அதுவும் இல்லேன்னா இன்ஜெக்டர் பார்ப்போம்’ என்றார். ஒவ்வொரு ‘பார்ப்போம்’ என்ற சொல்லுக்கும் எனக்கு ஒரு மாதச் சீட்டுப் பணம் போகும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடையை யூகித்து எழுதினால் நான் மார்க் போடுவதில்லை. இங்கே யூகத்துக்குக் காசும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பணம் செலவழிப்பதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? ஸ்டெப்னி மாற்றத் தெரியும், பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கத் தெரியும். என் திறமை அவ்வளவுதான்.


ரோடு ராஜா, கள்ளக்குறிச்சி

எல்லாம் இந்த எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பண்ற வேலை. பழைய வண்டிக்கு ஆகாது. என் மச்சான் வண்டியும் இப்படித்தான் திணறியது. பங்க்கை மாற்றுங்க மேடம், சரியாகிவிடும்.


பழைய பட்டறை, நாமக்கல்

டீச்சரம்மா, முதலில் அந்த ஃபியூவல் பம்ப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பழுதாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வண்டி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் ஏன் அவசரம் என்கிறேன். நான் 38 வருடம் ஸ்பேனர் பிடித்தவன். பாதிக்காலம் லாரி, மீதிக்காலம் பெட்ரோல் கார். இப்போது பையன் பார்க்கிறான், நான் சேரில் உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

உதறல் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதற்குள் வேறுவேறு நோய் இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, கிளட்ச்சைப் பாதி விட்ட நிலையில் மட்டும் தடதடவென்று ஆடினால் அது கிளட்ச் பக்கம். பிளேட்டில் ஆயில் பட்டிருக்கும், இல்லை மேல்பரப்பு கருகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். கால் பெடலை முழுக்க விட்டபிறகு அந்த ஆட்டம் வரக் கூடாது. பிளேட் தேய்ந்து வழுக்கினால் அது வேறு மாதிரி: எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் விர்ரென்று மேலே போகும், வண்டி அதற்கேற்ற வேகம் எடுக்காது. அதில் உதறல் இருக்காது, ஏமாற்றம்தான் இருக்கும். நீங்கள் சொல்வது 40-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கால் கிளட்ச்சில் இல்லாதபோது. இதைக் கேட்டுவிட்டுக் கிளட்ச்சை இறக்கினவரை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் இங்கே எழுத முடியாத வார்த்தையாக இருக்கும்.

உங்களுடையது எஞ்சின் மிஸ்ஸிங் மாதிரி தெரிகிறது. நாலு சிலிண்டரில் ஒன்று அவ்வப்போது வெடிக்காமல் விடுகிறது. நாலு பேர் பல்லக்குத் தூக்கும்போது ஒருவன் நடுநடுவே தோளை எடுத்தால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும்? அதுதான் உங்கள் முந்தானை இழுப்பு.

நியூட்ரலில் ஏன் வரவில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். பாரம் இல்லாமல் ரேஸ் கொடுக்கும்போது த்ராட்டில் கொஞ்சம்தான் திறக்கிறது, சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் குறைவு, அமுக்கமும் குறைவு. அங்கே பொறி பாய்வது எளிது. மூன்றாவது கியரில் 40-இல் காலை அழுத்தினால், எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, த்ராட்டில் அகலமாகத் திறக்கிறது, சிலிண்டர் நிறைய கலவை போய் நெருக்கமாக அமுங்குகிறது. அந்த நெருக்கத்தில் பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பிளக்குக்கு அந்த வோல்ட்டேஜைக் கொடுக்கும் காயிலோ, அதைப் பிளக்கோடு சேர்க்கும் ரப்பர் குழாயோ பலவீனமாக இருந்தால் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் வேறு வழியில் பக்கத்து இரும்புக்குப் பாய்ந்துவிடும். அதனால் நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்துப் பார்க்கிற எந்தச் சோதனையும் உங்கள் வண்டிக்கு உதவாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஆள் நடமாட்டமில்லாத, மட்டமான ரோட்டில் ஒரே இடத்தில், மூன்றாவது கியரில் 40-இல் பத்துத் தடவை அழுத்திப் பாருங்கள். எத்தனை தடவை உதறுகிறது? அதே 40-இல் இரண்டாவது கியரில் பத்துத் தடவை. ஏசி இல்லாமல் பத்துத் தடவை. உதறும்போது முள் மேலே பறக்கிறதா, நடுங்குகிறதா? பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்து அவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஏதாவது ஒரு மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில், 3,000 ஆர்பிஎம்முக்கு மேல், நாலைந்து நிமிடம் விடாமல் ஏறுங்கள். பெட்ரோல் வரத்து குறைவு என்றால் அங்கே மாட்டிக்கொள்ளும். பம்ப் பலவீனமானாலும் ஃபில்டர் அடைத்தாலும், அதிகப் பெட்ரோல் தொடர்ந்து கேட்கும்போதுதான் வண்டி தொண்டை வறண்டு திணறும், போகப்போக மோசமாகும். கியரைக் குறைத்து எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டால் உதறல் போய்விடுகிறது என்றால் பொறியைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் திணறினால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். சட்டம் இல்லை இது, ஆனால் பத்துக்கு எட்டு சரியாக வரும்.

ராஜா தம்பிக்கு: எத்தனால் கலந்த பெட்ரோலில் சத்து கொஞ்சம் குறைவுதான், மைலேஜ் குறையும், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரையும் இழுக்கும், தண்ணீர் மிஞ்சினால் பிரிந்து டாங்க் அடியில் தங்கிவிடும். ஆனால் அப்படியானால் காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும், ஐடிலிலும் ஆடும். மூன்றாவது கியரில் பஸ்ஸைத் தாண்டும்போது மட்டும் அது வேலை காட்டாது. இருந்தாலும் பங்க் மாற்றி இரண்டு டாங்க் ஓட்டிப் பாருங்கள், செலவில்லாத சோதனைதானே.


ஸ்கேனர் தம்பி, கோவை

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டிக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருப்பதைப் படிக்கிற ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகுகிற புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, யாரிடமாவது இரவலும் கிடைக்கும். போனில் ஒரு ஆப் போட்டால் போதும்.

லைட் எரியவில்லை என்பதால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தமில்லை. ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விட்டால் கிராங்க் சுற்றும் வேகம் நூலிழை குறையும், அதை சென்சார் கவனித்து எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டி, அதுவும் திரும்பத் திரும்ப நடந்தால்தான் லைட்டைப் போடும். அதுவரை ‘பெண்டிங்’ என்ற பகுதியில் ரகசியமாக எழுதி வைத்திருக்கும். அங்கே பாருங்கள். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று நிச்சயமில்லை. பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர்.

அப்படியே ஃபியூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு, ஷார்ட் (அந்த நேரத்துக்கு), லாங் (நாள்பட) இரண்டையும் பாருங்கள், சூடான எஞ்சினில். ஐடிலில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஒருமுறை. ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் அதிகமாக இருந்து 2,500-இல் குறைந்தால் எங்கோ ஹோஸ் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐடிலில் சரியாக இருந்து, ஓட்டும்போது பாரத்தில் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை.

இன்னொன்று, லைட் எப்போதாவது விட்டுவிட்டு மின்னினால் காலை எடுத்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள் டீச்சர். எரியாத பெட்ரோல் புகை போகும் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கருக்கிவிடும். அதன் விலைக்கு உங்கள் கிளட்ச் செலவு ஒன்றுமேயில்லை.


கணக்கு டீச்சர், ஆத்தூர்

பட்டறை ஐயா, ஸ்கேனர் தம்பி, இருவருக்கும் நன்றி. ஒரு வாரம் வீட்டுப்பாடம் செய்தேன். ராஜா சார் சொன்னபடி பங்க்கும் மாற்றினேன், மாற்றமில்லை.

புறவழிச்சாலை ஓரத்து சர்வீஸ் ரோட்டில் ஒரு கல்லுக்கும் ஒரு புளியமரத்துக்கும் நடுவே சோதனை. காலை ஆறு மணி. பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர், முள்ளைப் பார்க்கும் அதிகாரி. நாலாவது தடவைக்கு மேல் அவருக்கு அலுத்துவிட்டது, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

மூன்றாவது கியர், 40, ஏசியுடன்: பத்துக்கு 8. ஏசி இல்லாமல்: பத்துக்கு 5. நாலாவது கியர், 45: பத்துக்குப் பத்து. இரண்டாவது கியர், 40: பத்துக்குப் பூஜ்யம். ஒரு தடவைகூட இல்லை! முள் மேலே பறக்கவில்லை, உதறும் நேரத்தில் இருந்த இடத்திலேயே நடுங்குகிறது. இதை மட்டும் அவர் மிகச் சரியாகக் கவனித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போன சாக்கில் ஏற்காடு ஏறினோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரிலேயே முள்ளை 3,000-க்குக் கீழே விடாமல் ஏறினேன். பின்னால் தங்கை பிள்ளைகள் ‘பெரியம்மா, எஞ்சின் கத்துது’ என்று கத்த, நான் கவலையே படவில்லை. ஒரு உதறல் இல்லை. நடுவில் வேண்டுமென்றே மூன்றாவதுக்கு மாற்றி அழுத்தினேன், உடனே டுக்டுக். திரும்ப இரண்டாவது, அமைதி. பம்ப் ஏழை நிரபராதி என்று எனக்கே தெரிந்துவிட்டது. 7,800 மிச்சம்.

அடாப்டர் எதிர்வீட்டுப் பையனிடம் இரவல். டிரிம் ஐடிலில் மொத்தம் 4 சதவீதம், 2,500-இல் 3. ஓட்டும்போதும் 5-ஐத் தாண்டவில்லை. அப்புறம் அந்த ரகசியப் பகுதியில் ஒரே ஒரு வரி: பி0303.

மூன்றாவது சிலிண்டர். இப்போது காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா? மூன்றையும் மாற்றிவிட்டால் தீரும் என்பது எனக்கும் தெரிகிறது. எது என்று தெரிந்து மாற்ற ஆசை.


பழைய பட்டறை, நாமக்கல்

டீச்சரம்மா, உங்களை மாதிரி நாலு கஸ்டமர் வந்திருந்தால் எனக்கு முடி கொட்டியிருக்காது.

இப்போது எதையும் வாங்காதீர்கள். மூன்றாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போடுங்கள், ஒன்றாவதை மூன்றாவதில் போடுங்கள். வேறு எதையும் தொடக்கூடாது, பிளக்கைக்கூட. எந்த ஓரத்திலிருந்து ஒன்று என்று எண்ணுவது என்பதை வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஃபேன் பெல்ட் பக்கம். ஆப்பில் அந்த பி0303 பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். புதிதாக பி0301 வந்தால் நோய் காயிலோடு நடந்து போயிருக்கிறது. பி0303-ஆகவே நின்றால் காயில் யோக்கியன். அடுத்தது இதே மாதிரி பிளக்கை மாற்றி வைத்துப் பார்க்கலாம்.

ஒரு காயிலுக்கு ஒரு 10 எம்எம் போல்ட், ஒரு சாக்கெட் லாக். அவ்வளவுதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் காயிலை உருவிப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் பிளக் லீடை அப்படிப் பிடுங்கி நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தோள்பட்டை வரை ஏறும். இப்போதைய காயில்கள் அதைவிட உக்கிரம், காயிலும் கெட்டுப்போகும். வேண்டாம்.

உருவும்போது ரப்பர் குழாயைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பிளக் உட்காரும் கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.


கணக்கு டீச்சர், ஆத்தூர்

ஐயா, கிணற்றுக்குள் எண்ணெய் இருந்தது!

முறையாகச் சொல்கிறேன். பெரிய பட்டறைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் டூவீலர் கடை வைத்திருக்கும் பையன் என் பழைய மாணவன். ‘டீச்சர், நான் கார் பார்க்க மாட்டேனே’ என்று தயங்கினான். உனக்கு 10 எம்எம் சாக்கெட் பிடிக்கத் தெரியும்தானே, மற்றதை நான் சொல்கிறேன் என்றேன். அல்ஜீப்ராவில் அவனுக்கு 41 மார்க் போட்டவள் நான், மறுக்க முடியவில்லை.

ஒன்று, இரண்டு, நாலு காயில்கள் காய்ந்து சுத்தமாக வந்தன. மூன்றாவது வரும்போதே ‘பொளக்’ என்று ஒரு சத்தம். ரப்பர் குழாய் ஊறிப் பருத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக தலைமுடி போல ஒரு சாம்பல் நிறக் கோடு. முதலில் கீறல் என்று நினைத்தேன். நகத்தால் தேய்த்தால் போகவில்லை. மின்சாரம் வழி தவறிப் பாய்ந்து பாய்ந்து போட்ட பாதை அது என்று பையன்தான் சொன்னான், பைக்கில் பிளக் கேப்பில் இதே கோட்டைப் பார்த்திருக்கிறானாம்.

கிணற்றுக்குள் டார்ச் அடித்தால் பிளக்கின் பீங்கான் பாதி முங்கிக் கிடந்தது. எஞ்சின் ஆயில்.

இருந்தாலும் ஐயா சொன்னபடியே செய்தோம். துடைத்துவிட்டு காயில் இரண்டையும் இடம் மாற்றினோம், பிழைக் குறியீட்டை அழித்தோம். மறுநாள் மாலை பள்ளியிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன்: பி0301. வகுப்பில் ஒரு பிள்ளை கடைசி வரியில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதும்போது வருமே ஒரு சந்தோஷம், வண்டிக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

எண்ணெய் கசியாமலிருக்க எஞ்சின் மேல்மூடிக்குப் போடும் டேப்பட் கவர் பேக்கிங், அதோடு வரும் பிளக் கிணற்று சீல்களும் சேர்த்து 780. காயில் 2,150. பையனுக்கு 500, அவன் 200 போதும் என்றான். இவை மட்டும் போட்டு மறுபடி புளியமரச் சோதனை. மூன்றாவது கியரில் பத்துக்குப் பூஜ்யம். நாலாவதில் மட்டும் 2 வந்தது. அப்புறம்தான் பிளக்குகளைக் கழற்றினோம். 40,000-இல் மாற்றியவை. புத்தகத்தில் 1 எம்எம் இடைவெளி என்று போட்டிருக்கிறது, ஃபீலர் கேஜ் வைத்தால் 1.4 வரை போகிறது. நாலு பிளக் 960. போட்டபின் நாலாவதிலும் பூஜ்யம். மொத்தம் 4,390.

ஒரு சந்தேகம். மழை நாளில் உதறல் அதிகம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது, இங்கே எழுதவில்லை. அது மனப்பிரமையா?


பழைய பட்டறை, நாமக்கல்

பிரமை இல்லை. ஈரம் இருந்தால் அந்த வழிதவறிய பாதைக்கு இன்னும் கொண்டாட்டம். பழைய காலத்தில் சந்தேகமாக இருந்தால் ராத்திரியில் பானெட்டைத் திறந்து லீடுகள் மேல் லேசாகத் தண்ணீர் தெளிப்போம், நீலநீலமாகப் பொறி ஓடும். இப்போது எல்லாம் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டுவிட்டது.

பிளக் இடைவெளி அகன்றால் பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டியிருக்கும். அத்தனையும் அந்த ரப்பர் தாங்க வேண்டும். எண்ணெயில் ஊறின ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? இரண்டும் சேர்ந்துதான் உங்களைப் படுத்தியிருக்கிறது. பிளக்கை மட்டும் போட்டிருந்தால் கொஞ்ச நாள் நன்றாக ஓடி, மறுபடி வந்திருக்கும். காயிலை மட்டும் போட்டு எண்ணெயை விட்டிருந்தால் புதுக் காயிலும் ஊறியிருக்கும்.

இன்னொரு விஷயம், கோபப்படக் கூடாது. நாலாவது கியரில் 45 பரவாயில்லை. ஆனால் மைலேஜுக்காக 30-இலேயே நாலாவது போடுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? அங்கே அழுத்தினால் நல்ல வண்டியும் முனகும், ஆடும். அதை நோய் என்று நினைத்து யாரிடமும் காட்டாதீர்கள்.


கணக்கு டீச்சர், ஆத்தூர்

இருக்கிறது. என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ‘முள் அதிகாரி’ என்றைக்கோ சொன்னாராம்.

இப்போது பெரிய உதறல் போனதால் சின்னது ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. முதல் கியர், இரண்டாவது கியரில் ஸ்பீட் பிரேக்கர் தாண்டி, காலை எடுத்து மறுபடி வைக்கும்போது ‘டொக்’ என்று ஒரே ஒரு இடி. கியர் ராடும் கூடவே முன்னும் பின்னும் ஆடுகிறது. இது பழைய உதறல் இல்லை, ஒரே ஒரு தடவைதான்.

கிளட்ச் மாற்றியபோது பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி சாக்கில் கட்டி வைத்திருந்தேன். போட்டோ போட்டிருக்கிறேன், பாருங்கள்.


பழைய பட்டறை, நாமக்கல்

டொக் என்பது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வைத்த மவுண்டிங். காலை எடுக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், வைக்கும்போது மறுபக்கம் சாயும். ரப்பர் கிழிந்திருந்தால் இடித்து நிற்கும். ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பிரேக்கிலும் கால் வைத்து, முதல் கியரில் கிளட்ச்சை மயிரிழை விட்டு உடனே அமுக்கச் சொல்லுங்கள், அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் துள்ளினால் கீழே இருக்கும் எலும்பு வடிவ மவுண்டிங்கை முதலில் பாருங்கள். கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். போல்ட்டைச் சரியாக முறுக்காமலும் விட்டிருக்கலாம், புதிது வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

பிளேட் போட்டோ பார்த்தேன். ரிவிட் தலை உள்ளே நன்றாகப் பதிந்திருக்கிறது, மேல்பரப்பில் எண்ணெயும் இல்லை, கருகலும் இல்லை. இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டராவது ஓடியிருக்கும். சாக்கைத் திரும்பக் கட்டி வையுங்கள்.


கணக்கு டீச்சர், ஆத்தூர்

போல்ட்தான் ஐயா. இரண்டில் ஒன்று கையாலேயே திரும்பியது. பையன் முறுக்கிவிட்டான், காசு வாங்கவில்லை. டொக் நின்றுவிட்டது. மைலேஜ் நேற்று நிரப்பியபோது கணக்குப் போட்டேன், 16.6.